துரை கொடுத்த கிண்டி

மும்பை செம்பூரில் நாங்கள் இப்போது வாடகைக்கு இருக்கும் வீட்டில் பால்கனிக் கதவுக்குக் கொக்கி சரியில்லை. மழைக்கு முன்னால் டிராம்பே பக்கத்திலிருந்து ஒரு காற்று கிளம்பி வரும். அது வந்தால் கதவு படார் படாரென்று அடித்துக்கொள்ளும். அதற்கு முட்டுக் கொடுக்க ஒரு வெண்கலக் கிண்டியை வைத்திருக்கிறேன். கிண்டி என்பது பாலக்காட்டுப் பேச்சு; மூக்கு வைத்த தண்ணீர்ப் பாத்திரம். வாசலில் தண்ணீரோடு வைத்திருப்பார்கள், வருகிறவர்கள் காலலம்பிக்கொண்டு உள்ளே வரலாம். ஆனால் என் வீட்டில் இருப்பது அந்த எளிய ஜாதி இல்லை. வெள்ளைக்காரன் நாட்டுச் சரக்கு. கிட்டத்தட்ட முழங்கால் உயரம், அம்மிக் குழவியின் கனம். வயிறு முழுக்க அலை அலையாகச் செதுக்கி, இடையிடையே சங்கும் சிப்பியும் பதித்திருக்கும். கைப்பிடி ஒரு தாடிக்கார மனிதன். இடுப்புக்குக் கீழே அவன் மீனாகி வால் சுருண்டு பாத்திரத்தின் அடியில் போய் ஒட்டிக்கொண்டிருப்பான். ஒரு பக்கம் ஒரு கிழவர் ஒய்யாரமாகச் சாய்ந்து, கவிழ்த்த குடத்தில் கையை ஊன்றிக்கொண்டிருப்பார். மறுபக்கம் மேலாடை இல்லாத இரண்டு பெண்கள், குதிரைத் தலையும் மீன் உடம்புமான ஏதோ பிராணியின் மேல் சவாரி போவார்கள். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய மீன் வாயைப் பிளந்துகொண்டிருக்கும். மேலே சிப்பி வடிவத்தில் கீல் வைத்த மூடி.

வீட்டுக்கு வருகிறவர்கள், இத்தனை அழகான பொருளையா கதவுக்கு அண்டக் கொடுத்திருக்கிறாய் என்று அங்கலாய்ப்பார்கள். ஆமாம் என்பேன். இது என் மாமனாருடையது. அவர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. செத்தவர்களைப் பற்றிக் குறை பேசக் கூடாது என்று ஒரு வழக்கம் உண்டு. அந்த வழக்கத்தை உண்டாக்கியவருக்கு என் மாமனாரோடு ஒரே வீட்டில் குடித்தனம் பண்ண நேர்ந்திருக்காது என்று நினைக்கிறேன். எனக்கு நேர்ந்தது. கணவருக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி நாள் கடலில். நான் கோட்டைப் பக்கம் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசுக்கு லோக்கல் ரயிலில் போய் வந்துகொண்டு, மாட்டுங்காவில் மாமனார் மாமியாரோடு இருந்தேன்.

லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம், மூன்றாவது மாடி. மாமனார் ஏதோ ஒரு ஆபீசில் சூப்பரின்டெண்டாக இருந்து ரிடையர் ஆனவர். அங்கே அவரை யாரும் பெரிதாக மதித்ததாகத் தெரியவில்லை. மதித்திருந்தால் ஒரு தடவையாவது யாராவது வீடு தேடி வந்திருப்பார்கள். ரிடையர் ஆன கையோடு, கட்டடத்தில் குடியிருப்பவர்களின் சொசைட்டிக்கு செக்ரெட்டரி ஆனார். வேறு யாருக்கும் அந்தப் பதவி வேண்டாததால் கிடைத்தது. ஆனால் அவர் பட்டாபிஷேகம் ஆனதுபோல் நடந்துகொண்டார். மொட்டைமாடிச் சாவி, மீட்டர் அறைச் சாவி, மோட்டார் சாவி, மாடிப்படிக்கு அடியில் இருக்கும் குழாயின் பூட்டுச் சாவி எல்லாவற்றையும் கோத்துப் பூணூலில் முடிந்துகொண்டார். குளிக்கும்போதும் சாவி, சந்தியாவந்தனத்திலும் சாவி. அவர் படியிறங்கினால் கோயில் மாடு வருவதுபோல் சத்தம் முன்னால் வரும். குடியிருப்பவர்களுக்கு அது ஒரு சௌகரியம். கதவைச் சாத்திக்கொள்ள நேரம் கிடைக்கும்.

கிண்டி கூடத்தில் ஒரு முக்காலியின் மேல் இருந்தது. வீட்டுக்கு வந்த யாரும் அதன் கதையைக் கேட்காமல் காபி குடித்துவிட்டுப் போக முடியாது. மாமனாரின் தகப்பனார் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தாராம். அவருடைய வேகத்தையும் நாணயத்தையும் பார்த்து மயங்கிப்போன துரை, ஊரை விட்டுக் கப்பல் ஏறும் அன்று கண்ணில் ஜலத்தோடு இதைக் கொடுத்துவிட்டுப் போனாராம். வருஷக்கணக்காகக் கேட்டதில் ஒரு வார்த்தை மாறியதில்லை. துரையின் கண்ணில் ஜலம் வரும் இடத்தில் மாமனார் கொஞ்சம் நிறுத்துவார். நாமும் உருக வேண்டும். வீட்டைக் காலி பண்ணுகிறவன் கப்பல் கூலிக்கு அஞ்சி எதை விட்டுவிட்டுப் போவான் என்பது எனக்குத் தெரியும். எங்கள் ஆபீசில் மேனேஜர் மாற்றலாகிப் போகும்போது ஓடாத சுவர்க்கடிகாரத்தைப் பியூனுக்குக் கொடுத்துவிட்டுப் போவார். கொடுக்கும்போது அவரும் கொஞ்சம் உருகுவார்.

கதையோடு விட்டிருந்தால் கூடப் பரவாயில்லை. அந்த உருவங்களுக்கு அவர் பெயரும் சூட்டியிருந்தார். மீன் வால் வைத்த தாடிக்காரன் மச்சாவதாரம். சாய்ந்திருக்கும் கிழவர் வருண பகவான், கையில் குடமே இருக்கிறதே, வேறென்ன சாட்சி வேண்டும்? சவாரி போகும் பெண்கள் கங்கையும் யமுனையும். "நம்ம சாஸ்திரத்தை அந்த வெள்ளைக்காரன் எத்தனை கரைச்சுக் குடிச்சிருந்தா இதைப் பண்ணியிருப்பான்" என்று வந்தவர்களிடம் கேட்பார். அவர்கள் தலையை ஆட்டுவார்கள். மும்பையில் வேலைக்குப் போகிற மனிதர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாக்குவாதம் பண்ணத் தெம்பு இருப்பதில்லை. வெள்ளிக்கிழமைகளில் தாடிக்காரனின் நெற்றியில் சந்தனம் வைத்தார். கங்கையும் யமுனையும் மேலாடை இல்லாமல் கூடத்தில் இருப்பது அவருக்கு உறுத்தியது. மாமியாரைப் பழைய பட்டுப் புடவையின் தலைப்பைக் கிழித்து இரண்டு துண்டு தைக்கச் சொன்னார். அவர் தைத்தார். சரிகை வைத்த அந்தத் துண்டுகளைச் சுற்றிக்கொண்டு இரண்டு வெள்ளைக்காரப் பெண்களும் கல்யாணத்துக்குக் கிளம்பியவர்கள்போல மீன்குதிரை மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

இத்தனை தண்ணீரைச் சுமந்துகொண்டிருந்த அந்தப் பாத்திரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரை யாரும் கண்டதில்லை. அதைத் தேய்ப்பது மாமியாரின் வேலை. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பார், பின்னாளில் டப்பாவில் வரும் பாலிஷ். மாமனார் பக்கத்தில் நின்றுகொண்டு, பார்த்து, மூக்குப் பத்திரம், கங்கையின் விரல் பத்திரம் என்று மேற்பார்வை பார்ப்பார். அவர் கை அதில் பட்டது சந்தனம் வைக்க மட்டும்தான். அவருக்குத் தாகமெடுத்தால் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர்க் கூஜா இருக்கும்போதே, "ஜலம்" என்று ஒரு குரல் கொடுப்பார். மாமியார் சமையலறையில் இருந்து முழங்கால் வலியோடு வந்து, அவர் பக்கத்தில் இருக்கும் கூஜாவை எடுத்து, அவர் பக்கத்தில் இருக்கும் டம்ளரில் விட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். நான் கல்யாணமாகி வந்த புதிதில் இது ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். இல்லை, தினப்படி நடந்தது.

நான் சொல்ல வந்த மே மாதத்தில் ஏரிகள் வற்றி, மும்பை முழுக்கத் தண்ணீர் வெட்டு. எங்கள் கட்டடத்தில் விடியற்காலை கொஞ்ச நேரம் வரும், மீதிக்கு டாங்கர். கஷ்டம்தான், ஆனால் சமாளிக்கிற கஷ்டம். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கத் தாராவியிலிருந்து ஒரு அக்கா வந்துகொண்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவர். கட்டடத்தில் எல்லாருக்கும் அவர் 'பாய்', வீட்டு வேலை செய்கிற பெண்களுக்கு மும்பையில் அதுதான் பெயர்; எனக்கு அக்கா. அவருடைய மகளுக்கு அப்போதுதான் சயான் ஆஸ்பத்திரியில் பிரசவமாகி, பெண் குழந்தை. பச்சைக் குழந்தையோடு வீட்டுக்கு வந்தாயிற்று. அவர்கள் சந்துக் குழாயில் காற்றுதான் வந்தது. முன்னால் இருக்கும் வீடுகளில் மோட்டார் போட்டு உறிஞ்சிவிடுகிறார்கள் என்று அக்கா சொன்னார். குடிக்க விலைக்கு வாங்கலாம். பிரசவித்தவளுக்கும் குழந்தைக்கும் குளிக்கவும் துணி அலசவும் விலைக்கு வாங்கிக் கட்டுப்படியாகுமா?

மாடிப்படிக்கு அடியில் இருந்த குழாய் கார்ப்பரேஷன் லைனிலிருந்து நேராக வருவது. கட்டடத்தின் டாங்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எத்தனை வெட்டு இருந்தாலும் விடியற்காலையில் அதில் தண்ணீர் வரும். வாட்ச்மேன் அதில் பிடித்துத்தான் தினமும் மாமனாரின் பழைய காரைக் கழுவுவார். அந்தக் கார் கட்டடத்து கேட்டைத் தாண்டியே வெகுநாள் ஆகியிருந்தது. அக்கா மாமியாரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "மாமி, வெள்ளன வந்து அந்தக் கொழாயில ரெண்டு கேன் புடிச்சிக்கிடட்டா? மருமவன் சைக்கிள்ல கட்டிக் கொண்டுட்டுப் போயிருவாரு. ஒருத்தருக்கும் தொந்தரவு இருக்காது."

மாமியார் அவரை அழைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். மாமனாரிடம் மாமியார் தனக்காகவோ பிறருக்காகவோ எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்று கேட்டார். "ஏன்னா, இவ பொண்ணு பெத்துப் பொழைச்சு வந்திருக்கா. கீழ்க் குழாய்ல கார்த்தால ரெண்டு கேன் பிடிச்சுக்கட்டுமே. கொழந்தையைக் குளிப்பாட்டணும்." மாமனார் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இன்றைக்கு இரண்டு கேன் கொடுத்தால் நாளைக்குத் தாராவி மொத்தமும் கேட்டில் வந்து நிற்கும் என்றார். சொசைட்டிக்கு ரூல் இருக்கிறது, செக்ரெட்டரி வீட்டு பாய் என்று அதை மாற்ற முடியாது என்றார். பிறகு பேப்பரை மடித்துவிட்டு அக்காவைப் பார்க்காமல் மாமியாரைப் பார்த்துச் சொன்னார்: "ஜலத்தோட அருமை தெரியாதவாளுக்குக் குடுத்தா அதுக்கு மரியாதை இல்லை." அவர் தலைக்குப் பின்னால் வருண பகவான் குடத்தின் மேல் சாய்ந்துகொண்டிருந்தார்.

அக்கா போய்ப் பாத்திரத்தைத் தேய்த்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மறுநாளிலிருந்து வீட்டு டிரம்மிலிருந்து பாட்டில் பாட்டிலாகப் பிடித்து அவர் பையில் வைத்தேன். இரண்டே நாளில் மாமனார் டிரம்மின் உட்பக்கம் சாக்கட்டியால் கோடு போட்டார். கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கினால் யார் எதற்கு எடுத்தார்கள் என்று விசாரணை. எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். தண்ணீருக்குக் கோடு போட்டவரை நான் அங்கேதான் பார்த்தேன். மாமியார் தினமும் காலையில் அக்கா வந்ததும், குழந்தை எப்படி என்று கேட்பார். உடம்பெல்லாம் வேர்க்குரு, ராத்திரி முழுக்க அழுகை, ஈரத் துணியால் துடைத்துத்தான் வைத்திருக்கிறோம் என்பார் அக்கா. மாமியார் கேட்டுக்கொள்வார். அந்த முகத்திலிருந்து எதையும் படிக்க முடியாது. இவரும் பழகிப்போனவர்தானே என்று எனக்கு அவர் மேலும் கோபம் இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் ஒரு மடத்தின் இளைய சுவாமிகள் மாட்டுங்காவில் முகாம் போட்டிருந்தார். விருப்பப்பட்டவர்களின் வீட்டுக்கு வந்து பாத பூஜை ஏற்றுக்கொள்வார். மாமனார் யார் யாரையோ பிடித்து ஒரு காலை வேளையை வாங்கிவிட்டார். அன்றிலிருந்து அவர் கால் தரையில் பாவவில்லை. கட்டடம் முழுக்க அழைப்பு. பக்தியில் அல்ல, பார்க்கட்டும் என்றுதான். சுவாமிகளின் பாதத்தை எதில் அலம்புவது என்று ஒரு நாள் சாப்பிடும்போது யோசித்தார். வெள்ளிச் செம்பு இருக்கிறது, வெள்ளிக் கிண்டி இரவல் கிடைக்கும். மாமியார் ரசம் விட்டுக்கொண்டே, "வெள்ளி எல்லார் ஆத்துலயும் இருக்கு. துரை குடுத்த கிண்டி யார் ஆத்துல இருக்கு? அதுலயே விடுங்கோ" என்றார். மாமனார் கையில் கவளத்தோடு நிமிர்ந்து பார்த்தார். மனைவி சொன்ன ஒரு யோசனையை அவர் ஏற்றுக்கொண்டது என் நினைவில் அந்த ஒரு தடவைதான். சாப்பிட்டு எழுந்திருப்பதற்குள் அது அவருடைய யோசனையாகவே ஆகிவிட்டது. எனக்கு அன்று மாமியாரைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வந்தது. குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்காதவருக்கு ஜால்ரா போடுகிறாரே என்று சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.

முதல்நாள் சாயங்காலமே மாமனார் கிண்டியை நிரப்பினார். காசியிலிருந்து யாரோ கொண்டுவந்து பல வருஷமாகப் பூஜை அலமாரியில் மூடியிருந்த கங்கைச் சொம்பை உடைத்துச் சிப்பி மூடியைத் திறந்து உள்ளே ஊற்றினார். மீதிக்கு விலைக்கு வாங்கிய கேன் தண்ணீர். பிறகு கிண்டியை அலமாரியில் வைத்துப் பூட்டினார். மறுநாள் காலை கூடம் நிறைந்துவிட்டது. கீழ்வீட்டுக்காரர்கள், எதிர்க் கட்டடத்துக்காரர்கள், சொசைட்டிக் கமிட்டியார் எல்லாரும் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வாசலில் தாம்பாளத்தில் சுவாமிகள் வந்து நின்றார். எங்கள் வீடுகளில் ஆத்துக்காரி தண்ணீர் விட, ஆத்துக்காரர் காலை அலம்புவதுதான் வழக்கம். மாமியார் ஈரப் புடவையோடு தயாராக நின்றார். ஆனால் துரை கொடுத்த கிண்டியை இன்னொருவர் கையில் கொடுக்க மாமனாருக்கு மனம் வருமா? தானே விட்டுத் தானே அலம்புவதாகச் சொல்லி, மச்சாவதாரத்தை இடது கையால் இறுகப் பிடித்து, வலது கையால் அடியைத் தாங்கி, மீனின் வாயைச் சுவாமிகளின் பாதத்துக்கு நேராகச் சரித்தார்.

தண்ணீர் வரவில்லை. வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் சரித்தார். மீன் வாயைப் பிளந்தபடியே இருந்தது. மடத்துச் சிப்பந்தி, அடைத்திருக்குமோ என்றார். அடைப்பு என்ற வார்த்தை மாமனாருக்குச் சுருக்கென்றது. துரையின் கிண்டியாவது அடைப்பதாவது! ஒரு குலுக்குக் குலுக்கித் தலைகீழாகவே சாய்த்தார். சிப்பி மூடி டக்கென்று திறந்துகொண்டது. உள்ளே இருந்தது மொத்தமும் கொட்டியது. பழைய பாலிஷும் புளியும் களிம்பும் ஓரிரவு ஊறிப் பாசிப் பச்சை நிறத்தில் ஒரு தண்ணீர். சுவாமிகளின் காவி முழங்கால் வரை நனைந்தது. மாமனாரின் பட்டு வேஷ்டியில் மீதி. கங்கையின் பட்டுத்துண்டு நழுவித் தாம்பாளத்தில் விழுந்தது. கூடத்தில் போன்களை யாரும் இறக்கவில்லை.

சுவாமிகள் சின்ன வயசுக்காரர். தன் காலைப் பார்த்தார், கிண்டியைப் பார்த்தார். கொஞ்சம் குனிந்து மீனின் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். "இது அழகுக்குன்னு வார்த்தது. உள்ளே துவாரமே வைக்கலை" என்றார். பிறகு குளியலறை எங்கே என்று கேட்டார். மாமியார் வழிகாட்டினார். டிரம்மிலிருந்து, சாக்கட்டிக் கோட்டுக்குக் கீழே வரை, நீல நிறப் பிளாஸ்டிக் மக்கில் மொண்டு மொண்டு சுவாமிகள் தானே காலைக் கழுவிக்கொண்டு வந்து, ஆசீர்வாதம் பண்ணிவிட்டு, அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது என்று கிளம்பினார். அவர் படியிறங்கி முடிப்பதற்குள் வீடியோ கட்டடத்து வாட்ஸ்ஆப் குழுவில் ஏறிவிட்டது. மத்தியானத்துக்குள் எனக்கு ஆபீஸ் சிநேகிதி செம்பூரிலிருந்து அனுப்பினாள், இது உன் மாமனாரா என்று கேட்டு. ஆமாம் என்று பதில் போட்டேன். பெருமையாகத்தான் இருந்தது.

கூட்டம் போன பிறகு மாமனார் ஈர வேஷ்டியோடு நாற்காலியில் உட்கார்ந்தார். தப்பு யார் மேல் என்று கண்டுபிடிக்க வேண்டாமா? முதலில் மடத்துச் சிப்பந்தி, அவசரப்படுத்தினான். அப்புறம் துரை. துரையைத் திட்டி அன்றுதான் கேட்டேன். கடைசியில் வழக்கமான இடத்துக்கு வந்தார். "நீதான். வருஷம் பூராப் புளியைப் போட்டுத் தேய்ச்சு மூக்கை அடைச்சுட்டே" என்றார் மாமியாரிடம். சுவாமிகளே துவாரம் இல்லையென்று சொல்லிவிட்டுப் போன பின்னும் இப்படிச் சொல்ல ஒரு தனி மூளை வேண்டும்.

மாமியார் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியைப் பிழிந்து வாளியில் போட்டார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து அவர் முன்னால் கையை நீட்டினார்.

"சாவியைத் தாங்கோ."

"எந்தச் சாவி?"

"கீழ்க் குழாய்ச் சாவி. கொழந்தை குளிக்கணும்."

ரூல் என்று அவர் ஆரம்பித்தார். மாமியார் குரலை உயர்த்தவே இல்லை. "தரலைன்னா பரவாயில்லை. நான் கீழே போய் கமிட்டிக்காராகிட்டக் கேக்கறேன். இன்னிக்கு நான் கேட்டா எல்லாரும் கேப்பா" என்றார். அது உண்மை என்று கூடத்தில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். கீழே மாடிப்படியில் யாரோ சிரிக்கும் சத்தம் அப்போதும் கேட்டுக்கொண்டிருந்தது. மாமனார் பூணூலை இழுத்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். வருஷக்கணக்கில் வியர்வையில் இறுகிய முடிச்சு. நகம் வழுக்கியது. மாமியார் உதவி செய்யவில்லை. நீட்டிய கையை மடக்கவும் இல்லை. ஜலம் என்ற குரலுக்கு ஆயுசு முழுக்க ஓடி வந்தவர், அன்று அசையாமல் நின்று காத்திருந்தார். எனக்கு அவர் மேல் அன்று காலை வரை இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. மாமனார் மேல் இரக்கம் வரவில்லை. வரவேண்டும் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். இன்று வரையில் வரவில்லை.

மறுநாள் விடியற்காலையில் மாமியார் மூன்று மாடி இறங்கினார். அவர் கோயிலுக்குக்கூட அப்போதெல்லாம் இறங்குவதில்லை. பூட்டைத் திறந்துவிட்டு, வாட்ச்மேனின் ஸ்டூலில் உட்கார்ந்து, அக்காவின் இரண்டு கேனும் நிரம்புகிற வரை பார்த்துக்கொண்டிருந்தார். தாராவி மொத்தமும் வந்து கேட்டில் நிற்கவில்லை. சைக்கிளோடு ஒரு மருமகன் மட்டும் வந்தான். மழை வந்து சந்துக் குழாயில் தண்ணீர் திரும்பும் வரை இப்படி நடந்தது. குழந்தையின் வேர்க்குரு ஆறியது. மாமனாரின் காரில் தூசி ஏறியது. அவர் பால்கனியிலிருந்து எட்டிப் பார்ப்பார், உள்ளே போய்விடுவார். செக்ரெட்டரி பதவியைக் கண்பார்வை சரியில்லை என்று எழுதிக் கொடுத்து ராஜினாமா செய்தார். துரையின் கதையை அதற்கப்புறம் யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் தாகமெடுத்தால் மட்டும் கடைசி வரை குரல் கொடுத்தார். மாமியார், கூஜா பக்கத்தில் இருக்கிறது என்று சமையலறையிலிருந்தே பதில் சொல்வார்.

அவர் போய், கட்டடத்தையும் புதிதாகக் கட்டுவதற்காக இடித்து, நாங்கள் செம்பூருக்கு வந்தாயிற்று. மாமியார் என்னோடு இருக்கிறார். வரும்போது கிண்டியை என்ன செய்வது என்று கேட்டேன். "கனமா இருக்கு, எதுக்காவது ஆகும், எடுத்துக்கோ" என்றார். அக்கா மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராவியிலிருந்து பஸ் பிடித்து மாமியாரைப் பார்க்க வருவார். இப்போது வேலைக்காக அல்ல, பேசுவதற்காக. போன தடவை பேத்தியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த மே மாதத்தில் வேர்க்குருவோடு அழுதுகொண்டிருந்த குழந்தைதான். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், வாய் ஓயாமல் பாதி ஹிந்தியும் பாதித் தமிழுமாகப் பேசுகிறாள்.

பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தோம். அவள் பால்கனிக் கதவருகே போய்க் கிண்டியின் முன்னால் உட்கார்ந்தாள். தாடிக்காரனின் வாலைத் தடவினாள். சவாரி போகும் பெண்களைப் பார்த்துக் களுக்கென்று சிரித்தாள். பட்டுத்துண்டுகளை நான் எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டேன். பிறகு மீனின் வாய்க்குள் சுட்டுவிரலை விட்டாள். உள்ளே போய் இடித்தது. எடுத்துவிட்டு இன்னொரு தடவை விட்டுப் பார்த்தாள்.

"பாட்டி, இது பந்த் ஹை. இதுல தண்ணி வராது."

ஒரு ஆயுள் முழுக்க ஒருவர் அதற்குச் சந்தனம் வைத்தார். இவளுக்கு விரலை விட்டு எடுக்கிற நேரம் போதுமாக இருந்தது. மாமியார் பல்லில்லாத வாயால் சிரித்தார்.

"ஆமாண்டி கொழந்தே, வராது. நான் கல்யாணமாகி வந்த மொதல் தீபாவளிக்குத் தேய்க்கறச்சே நானும் உன்னை மாதிரிதான் விரலை விட்டுப் பார்த்தேன்."

நான் காபி டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டேன். ரசக் கரண்டியோடு மாமியார், துரை கொடுத்த கிண்டி யார் ஆத்தில் இருக்கிறது என்று கேட்டதும், நான் கோபத்தில் சாப்பிடாமல் எழுந்து போனதும் ஒன்றாக ஞாபகம் வந்தன. தெரிந்தேதான் அதில் விடச் சொன்னீர்களா அம்மா என்று கேட்டேன். அக்காவும் அவர் முகத்தையே பார்த்தார்.

"ரெண்டு கேன் ஜலம் கேட்டேன், தரலை" என்றார் மாமியார். குழந்தையைக் கூப்பிட்டு, "தண்ணி குடிக்கறியா?" என்றார். அவள் தலையாட்டினாள். மாமியார் தானே எழுந்து போய் எவர்சில்வர் டம்ளரில் விளிம்பு வரை விட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். குழந்தை முழுக்கக் குடித்தாள். வெளியே காற்று கிளம்பியிருந்தது. குழந்தை நகர்த்தி வைத்திருந்த கிண்டியைக் காலாலேயே தள்ளிக் கதவோடு சேர்த்து வைத்தேன்.